அபூ உமைரின் பறவை எது?

மதீனாவில் அபூ உமைர் என்றொரு சிறுவர் இருந்தார். அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பி. அவரிடம் ஒரு சிறு பறவை இருந்தது. அதனோடு விளையாடுவது அவர் வழக்கம். ஒருநாள் அப்பறவை இறந்துபோயிற்று. உம்மு சுலைம் (ரலி) அவர்களின் இல்லத்துக்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாடிய முகத்தோடு இருந்த பிள்ளையைக் கண்டார்கள். ‘உமைர்’ என்ற பெயரோடு ஓசை இயையும்படி ‘நுஃகைர்’ என்று அப்பறவையைச் சுட்டி, அது என்னவாயிற்று என்று அவரிடமே வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்தச் செய்தி ஹதீஸ் மாணவர் எவரும் அறிந்ததே.

இந்த ஒரு ஹதீஸை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹிஜ்ரி 335-இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) தனியே ஒரு சிறு நூல் எழுதினார். அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை அதிலிருந்து அவர் எடுத்துக் காட்டினார். குழந்தையோடு நகைச்சுவையாகப் பேசலாம். பிள்ளை பெறாத சிறுவனுக்கும் ‘இன்னாரின் தந்தை’ என்று பெயர் சூட்டலாம். சிறுவர்கள் பறவையோடு விளையாடலாம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒரு வரிச் செய்தியிலிருந்து இத்தனை நுட்பங்களைக் கண்டெடுத்த அந்தப் பேரறிவை வியக்கிறோம். ஆயினும் அந்தப் பயன்களுள் மிகப் பெரும்பாலானவை மனிதரைப் பற்றியவை. அந்தப் பறவை எது என்ற கேள்விக்கு உரையாசிரியர்களும் அகராதிக்காரர்களும் ஓரிரு சொற்களில் விடை தந்திருக்கின்றனர். சிட்டைப் போன்றது, சிவந்த அலகுடையது, மதீனாவாசிகள் அதனை ‘புல்புல்’ என்பர் என்ற அளவோடு அவர்கள் நிறுத்திக்கொள்கின்றனர்.

நாம் இங்கே பேச விரும்புவது இந்த இடைவெளியைப் பற்றித்தான். அபூ உமைர் நகரத்துப் பிள்ளை. அவரிடம் கேட்கப்பட்டது அறிவுரை அன்று. ஒரு பறவையைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை சொல்லும் தகுதி, அங்கிருந்த அனைவரிலும் அதனோடு பழகிய அந்தப் பிள்ளைக்கே உண்டு. நகரத்துப் பிள்ளைகளுக்கு விலங்குகளை அறிமுகப்படுத்தவென்று நம்மிடையே எழுதப்பட்ட நூல்களை இந்தக் கேள்வியையே உரைகல்லாகக் கொண்டு உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றைய நூல்களின் வழி

இன்று நம் பிள்ளைகள் கையில் உள்ள விலங்கு நூல்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் செல்கின்றன. முதல் வழி தொலைவைக் காட்டுவது. அரிச்சுவடியைப் புரட்டும் குழந்தை சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் வரிக்குதிரையையும் அடையாளம் காட்டுகிறது. தன் வீட்டுச் சன்னலில் வந்தமரும் காகங்களுள் கழுத்துச் சாம்பலாக உள்ளது ஒன்று, உடல் முழுதும் கறுத்த அண்டங்காக்கை ஒன்று என இரு வகை உண்டு என்பதை அந்த நூல் அதற்குச் சொல்வதில்லை. ஆகவே விலங்கு என்பது வேறு எங்கோ இருப்பது, நகரத்தில் விலங்கு இல்லை என்ற எண்ணம் அதன் மனத்தில் படிகிறது. இது உண்மைக்குப் புறம்பானது. சென்னை மாநகரின் நடுவே சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. அந்நகரின் கடற்கரை மணலுக்கு ஆண்டுதோறும் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன; 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இரவில் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகிறது. பூங்காவும் கடற்கரையும் எட்டாத பிள்ளைக்கும் அணில், பல்லி, பருந்து, புள்ளி ஆந்தை, வௌவால், கட்டெறும்பு ஆகியவை தெருவிலேயே உண்டு.

இரண்டாம் வழி, விலங்குக்கு வேடம் கட்டுவது. எறும்பு என்றால் சுறுசுறுப்பு, நரி என்றால் தந்திரம், காகம் என்றால் குடத்தில் கல்லிட்ட சமயோசிதம். கதை முடிந்ததும் நீதி கைக்கு வருகிறது, எறும்பு மறைந்துவிடுகிறது. மூன்றாம் வழி, சமய நூல் வெளியீட்டில் கடந்த சில பத்தாண்டுகளாகப் பெருகிய ‘அறிவியல் அற்புத’ச் சிறு நூல்களின் வழி. தேனீ, எறும்பு, சிலந்தி ஆகிய மூன்றும் திருமறையில் அத்தியாயங்களின் பெயராகவே அமைந்தவை. அவற்றைப் பற்றிய சில தகவல்களை எங்கிருந்தோ திரட்டி, இறைவசனத்தின் உண்மைக்குச் சான்றாக நிறுத்துகின்றன இந்நூல்கள். நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் படைப்பைப் பார்க்குமாறு திருமறை மீண்டும் மீண்டும் அழைப்பது, பிறர் பார்த்து எழுதியதை மனனம் செய்வதற்காக அன்று. இத்தகைய நூலொன்றைப் படித்து முடித்த பிள்ளை ஓர் எறும்பு வரிசையின் முன் கால்மணி நேரம் குந்தியிருக்குமா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. சான்று கிடைத்துவிட்டதால் சாட்சி தேவையற்றுப் போகிறது.

பஸ்ரா தந்த மூன்று நூல்கள்

நம் மரபு இவ்வளவுதானா என்றால், இல்லை. விலங்கைப் பற்றிய அரபு இலக்கியத்தின் முப்பெரும் நூல்கள் ஒரே நகரத்தோடு தொடர்புடையவை. பஸ்ராவில் பணியாற்றிய இப்னுல் முகஃப்பஃ ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டில் பஹ்லவி மொழியிலிருந்து ‘கலீலா வ திம்னா’வை அரபியாக்கினார். அதன் வேர் நாம் நன்கறிந்த பஞ்சதந்திரம். அடுத்த நூற்றாண்டில் அதே பஸ்ராவின் அல்-ஜாஹிழ் ‘கிதாபுல் ஹயவான்’ எழுதினார். அதற்கடுத்த நூற்றாண்டில் ‘இஃக்வானுஸ் ஸஃபா’ எனப்படும் தூய்மைச் சகோதரர்கள், தம் இருபத்திரண்டாம் மடலில் விலங்குகள் மனிதன்மீது ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு நெடுங்கதை அமைத்தனர். முதல் நூலில் விலங்கு மனிதனின் முகமூடி. மூன்றாம் நூலில் அது மனிதனை எதிர்த்து நிற்கும் வழக்காளி. நடுவிலுள்ள நூலிலோ அது அண்டை வீட்டார். நம் சிறுவர் நூல்கள் முதலாவதை மட்டும் வாரிசுரிமையாகப் பெற்று, நடுவிலுள்ளதைத் தொலைத்துவிட்டன என்பது நம் கருத்து.

ஜாஹிழ் ஹிஜ்ரி 255-இல் மறைந்தவர். இளமையில் ஸைஹான் ஆற்றங்கரையில் ரொட்டியும் மீனும் விற்றவர் என்று வரலாற்று நூல்கள் கூறும். சந்தையில் வளர்ந்த அந்தப் பிள்ளை பின்னாளில் எழுதிய ஏழு பாக நூலில் யானையும் சிங்கமும் இடம்பெறுகின்றன என்றாலும், பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்பவை நாயும் சேவலும் புறாவும் ஈயும் கொசுவும்தாம். நூலின் தொடக்கமே நாயின் பக்கம் நிற்பவருக்கும் சேவலின் பக்கம் நிற்பவருக்கும் இடையிலான நீண்ட வாதம். இரண்டும் தெருவில் திரிபவை. இவற்றைப் பற்றி இவ்வளவு எழுதுவதா என்று கேட்போருக்கு அவர் தரும் விடையின் சாரம் இதுதான்: உருவில் சிறியது என்பதால் அது சிந்தனைக்கும் சிறியது ஆகிவிடாது. புறாவைப் பற்றி அறியப் புறா வளர்ப்போரிடமும், பாம்பைப் பற்றி அறியப் பாம்பு பிடிப்போரிடமும், கடலுயிர்களைப் பற்றி அறிய மாலுமிகளிடமும் அவர் கேட்டார். அரிஸ்டாட்டிலின் நூலை மதித்துப் பயன்படுத்திய அதே கையால், கண்ணால் கண்டதற்கு மாறானதை அவர் சொன்ன இடத்தில் ஐயமும் எழுப்பினார்.

அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தது. பஸ்ராவின் நீதிபதி அப்துல்லாஹ் பின் ஸவ்வார், கம்பீரத்துக்குப் பேர்போனவர். மன்றத்தில் அமர்ந்தால் நட்டுவைத்த கல்லைப்போல் அசையாதிருப்பார். ஒருநாள் ஓர் ஈ அவர் மூக்கில் அமர்ந்தது; பிறகு கண்ணின் ஓரத்துக்கு நகர்ந்தது. அவர் பொறுத்தார், இமைகளை மூடித் திறந்தார், ஈ விலகி மீண்டும் அதே இடத்துக்கு வந்தது. கடைசியில் மன்றம் முழுதும் பார்த்திருக்க, அவர் கையை உயர்த்தி அதை விரட்ட நேர்ந்தது. படைப்பில் மிக மெலிந்த ஒன்று தம்மை வென்றுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டு, ஈயிடமிருந்து பறிபோனதை மீட்க இயலாத மனித இயலாமையைப் பற்றிய ஹஜ் அத்தியாய வசனத்தை நினைவுகூர்ந்தார். நீதி இங்கேயும் இருக்கிறது. ஆனால் அதை வந்தடையுமுன் ஈ எங்கே அமர்ந்தது, எப்படி விலகியது, எத்தனை முறை திரும்பியது என்பதை ஜாஹிழ் நம்மைப் பார்க்க வைத்துவிடுகிறார். வேடக்கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இங்கே ஈ, ஈயாகவே இருந்துகொண்டு பாடம் சொல்கிறது.

ஜாஹிழ் எழுதிய யாவும் சரி என்று நாம் சொல்லவில்லை. சில உயிர்கள் அழுகலிலிருந்து தாமே தோன்றுகின்றன என்ற அக்காலக் கருத்து அவரிடமும் உண்டு. தலைப்பை விட்டு விலகி அலைவது அவர் இயல்பு. பிள்ளைகள் கையில் அந்நூலை அப்படியே கொடுக்கவும் முடியாது. அவரிடமிருந்து பெறத்தக்கது அருகிலிருப்பதைக் கேட்டும் பார்த்தும் அறியும் அந்த முறைதான்.

ஒரு வகுப்பறையில் பிறந்த நூல்

ஜாஹிழுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் கெய்ரோவில் வாழ்ந்தவர் கமாலுத்தீன் அத்-தமீரீ (ரஹ்). ஹிஜ்ரி 808-இல் மறைந்தார். தொடக்கத்தில் தையல் தொழில் செய்து, பின் அல்-அஸ்ஹரில் பாடம் நடத்திய ஷாஃபிஈ அறிஞர். விலங்குகளை அரபு நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கிய ‘ஹயாத்துல் ஹயவான்’ அவருடையது. அதை எழுத நேர்ந்த காரணத்தை முன்னுரையில் அவரே கூறுகிறார்: பாடமொன்றில் ‘மாலிக் அல்-ஹஸீன்’ என்னும் கொக்கு வகைப் பறவையின் பெயரும், ‘தீஃக்’ என்னும் ஆண் கழுதைப்புலியின் பெயரும் வந்தபோது, பொருள் விளங்காமல் பெருங்குழப்பம் நேர்ந்தது. மத்ரஸாவில் பயின்ற எவருக்கும் இந்தக் காட்சி அந்நியமன்று. கொக்கு எது, கழுதைப்புலி எது என்று தெரியாத ஒரு வகுப்பு, ஒரு மாபெரும் நூலுக்குக் காரணமாயிற்று.

சட்ட நூல் படிப்போருக்கு விலங்கறிவு அலங்காரம் அன்று; அது தேவை. காகத்தையே எடுத்துக்கொள்வோம். இஹ்ராமிலும் கொல்லலாம் என்று ஹதீஸில் வந்துள்ள உயிர்களுள் காகமும் ஒன்று. முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் அது ‘அப்கஃ’, அதாவது கறுப்பும் வெளுப்பும் கலந்த காகம் எனக் குறிக்கப்படுகிறது. சட்ட அறிஞர்கள் இதனையும் தானியம் தின்னும் பயிர்க்காகத்தையும் வேறுபடுத்தினர். இரண்டுக்கும் வெவ்வேறு தீர்ப்புக் கூறினர். ஒரு பறவையின் நிறமும் உணவும் தெரியாமல் அந்தத் தீர்ப்பைப் பொருத்திப் பார்க்க முடியாது. இதைப் படிக்கும் மாணவர் சன்னலுக்கு வெளியே கத்தும் காகத்தை ஒருமுறையும் திரும்பிப் பாராமல் பாடத்தை முடித்துவிடுவாரானால், சொற்கள் மட்டுமே அவரிடம் தங்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நகரத்தில் காணும் உயிர்களான காகம், பருந்து, எலி, பல்லி முதலியவற்றைக் கொல்ல அனுமதியோ ஏவலோ வந்திருக்க, அவற்றைப் பிள்ளைகளுக்கு ஏன் அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேட்போர் உண்டு. தீங்கைத் தடுக்க வந்த தீர்ப்பு அறியாமைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது என்பதே நம் விடை. தமீரீ அத்தனை உயிர்களுக்கும் தம் நூலில் இடம் தந்தார். ஒவ்வொன்றின் பெயர், இயல்பு, அதைப் பற்றிய நபிமொழி, சட்டநிலை, பழமொழி என்று வரிசைப்படுத்தினார். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியும் அதே ஹதீஸ் நூல்களில்தான் இருக்கிறது. அதே சமயம், தமீரீயின் நூலில் மருத்துவக் குணங்கள், கனவுப் பலன்கள் என வரும் பகுதிகளை இன்றைய பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லத் தேவையில்லை. அவை அக்காலத்தின் கேள்வியறிவு. சோதித்துப் பெற்றவை அல்ல.

பம்பாய்ச் சிறுவனும் மஞ்சள் தொண்டைச் சிட்டும்

நம் காலத்துக்கு வந்தால், நகரத்துப் பிள்ளையொன்று விலங்குலகைக் கண்டடைந்த கதைகளுள் புகழ்பெற்றது சாலிம் அலி அவர்களுடையது. 1896-இல் பிறந்து சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பம்பாய் கேத்வாடியில் மாமா அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தவர். 1985-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு, ஒரு சிட்டின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பை அவர் இட்டார். பத்து வயதளவில் பொம்மைத் துப்பாக்கியால் வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வேட்டையில் பழகிய மாமாவுக்கும் அது இன்னதென்று தெரியவில்லை. அவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடவில்லை. 1883 முதல் இயங்கிவந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அறிமுகக் கடிதத்தோடு அனுப்பினார். மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளைச் சிறுவனுக்குத் திறந்துகாட்டினார்.

இந்நிகழ்ச்சியைப் பேசுவோர் சிறுவனின் ஆர்வத்தையே புகழ்வர். நாம் சுட்ட விரும்புவது அந்த இரு பெரியவர்களின் நடத்தையை. ஒருவர் தெரியாததைத் தெரியாது என்றார். மற்றவர் தெரிந்ததைப் பிள்ளைக்கு மறைக்கவில்லை. அதே வேளையில் இக்கதையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அறிமுகக் கடிதம் எழுதித் தரும் மாமா எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. துப்பாக்கி வழியே பறவையை அறிவது அக்காலத்து வழக்கம். கூட்டுப் பொந்தைக் காத்த ஆண் சிட்டுகள் எட்டினை ஏழு நாட்களில் சுட்டதையும், ஒவ்வொன்று விழுந்ததும் பெட்டைக்கு வேறு துணை வந்து சேர்ந்ததையும் சாலிம் அலி தம் இளமைக் குறிப்பில் பதிந்திருக்கிறார். அந்தக் கூர்ந்த பார்வையை எடுத்துக்கொண்டு அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுவதே இன்றைய பிள்ளைக்கு உரியது.

1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூலில், சிறுவர் நூல் எழுதுவோர் கருதத்தக்க ஓர் உத்தி உண்டு. ஒரு பறவையின் அளவைச் சொல்லும்போது சிட்டுக்குருவி அளவு, கொண்டைக்குருவியைவிடப் பெரிது, மைனா அளவு, காகத்தைவிடச் சிறிது என்று ஒப்பிட்டே சொல்கிறார். தெருவில் தினமும் காணும் பறவையே அங்கு அளவுகோல். அதைத் தெரியாதவருக்கு அரிய பறவை எதுவும் விளங்காது. சிங்கத்தில் தொடங்கும் அரிச்சுவடிக்கு நேர்மாறான கல்விமுறை இது. தமிழில் இதே நோக்கோடு எழுதியவர் மா. கிருஷ்ணன். சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த அவர், யானையைப் பற்றி எழுதிய அக்கறையோடே வீட்டைச் சுற்றித் திரிந்த உயிர்களைப் பற்றியும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நம் பள்ளி நூலகங்களில் இருக்க வேண்டிய நூல்.

ஒப்பாரியும் கணக்கும்

அண்மைக் காலத்தில் நான்காவது வழியொன்று தோன்றியுள்ளது. அது ஒப்பாரி. சிட்டுக்குருவி அழிந்துவிட்டது, கைபேசிக் கோபுரம் கொன்றுவிட்டது என்று மேடையிலும் திரையிலும் பாடநூலிலும் கேட்கிறோம். 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி நாடளவில் ஏறத்தாழ நிலையாக உள்ளது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் கூறியது. கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் தெளிவுபடுத்தியது. கூடு கட்டப் பொந்தில்லாத கட்டடங்கள், குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லாத முற்றங்கள் போன்றவை ஆராயத்தக்க காரணங்கள். இந்த முடிவுக்கு வர உதவியவை பறவை நோக்கும் பொதுமக்கள் தந்த கணக்குகள். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் எவரும் பங்கேற்கலாம். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளை எண்ணிப் பதிந்தால் போதும். அழுகிற பிள்ளையைவிட எண்ணுகிற பிள்ளை அந்தப் பறவைக்கு நெருங்கியது.

மக்தபின் முற்றத்தில்

இனி நம் மக்தபுகளைப் பற்றி. அபூ உமைரின் ஹதீஸைக் கற்பிக்கும்போது, பறவையைக் கூண்டில் வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பர். உணவும் நீரும் குறையாது பராமரிப்பதானால் ஆகும் என்று உரையாளர்கள் கூறினர். அதனோடு, குஞ்சுகள் எடுக்கப்பட்டதால் தவித்துச் சிறகடித்த தாய்ப்பறவையைக் கண்டு அவற்றைத் திருப்பி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த அபூதாவூதின் ஹதீஸையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றையும் அறிந்த பிள்ளை, கூண்டைவிடக் கூட்டையே பார்க்க விரும்பும்.

அந்நம்லு அத்தியாயத்தை ஓதும் பிள்ளைகளுக்கு ஹுத்ஹுத் பறவையின் கதை மனப்பாடம். அந்த ஹுத்ஹுத்தான் தமிழில் கொண்டலாத்தி. விசிறி போன்ற கொண்டையும், கறுப்பு வெள்ளைச் சிறகும், நீண்டு வளைந்த அலகும் உடைய அது, நம் ஊர் மைதானங்களிலும் மையவாடிகளிலும் மண்ணைக் குத்திப் புழுவெடுத்துத் திரிகிறது. ஓதியது வேறு, கண்டது வேறு என்று பிள்ளை இருப்பதற்கு நூலும் ஆசிரியரும் இடங்கொடுக்கலாகாது. ஒரு நாள் பாடத்தை மைதானத்தில் நடத்தினால் போதும். அங்கே அது இல்லையென்றால், இல்லாததும் ஒரு செய்தியே. எப்போது வந்தது, என்ன தின்றது, எங்கே போயிற்று என்று எழுதிவைக்க ஒரு குறிப்பேடு வேண்டும். புதிய பாடநூல் அச்சிட நிதி தேடும் நிறுவனங்கள், அதற்கு முன் இந்தக் குறிப்பேட்டை அச்சிடுவது நல்லது.

அந்த அத்தியாயத்தில் ஹுத்ஹுத் சொல்வதை ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மாபெரும் அரசரும் நபியுமான ஸுலைமான் (அலை) அவர்களின் முன் நின்று, தங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தான் அறிந்து வந்திருப்பதாக அது கூறுகிறது. அவர்கள் அதை அதட்டி அடக்கவில்லை. உடனே நம்பியும் விடவில்லை. சொன்னது மெய்தானா என்று பார்ப்போம் எனக் கூறி, அதை உறுதிப்படுத்தும் வழியைத் தேடினார்கள். தெருவில் கண்ட உயிரைப் பற்றி மூச்சிரைக்க ஓடிவந்து செய்தி சொல்லும் பிள்ளையிடம் ஆசிரியர் நடந்துகொள்ள வேண்டிய முறையும் இதுவே. செவிசாய்த்துக் கேட்க வேண்டும். பிறகு எழுந்து, அந்தப் பிள்ளையோடு சென்று பார்க்க வேண்டும்.